வயிற்றைத் தொட்டுச் சிசுவின் கிடப்பை அறிதல்: லியோபோல்டின் நான்கு பிடிகள்

கருப்பையில் சிசு கிடக்கும் நிலையைக் கைகளால் தொட்டறியும் முறை, ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவர் கிறிஸ்டியான் கெர்ஹார்ட் லியோபோல்டின் (1846–1911) பெயரால் வழங்குகிறது. 1894இல் ஸ்போர்லினுடன் இணைந்து அவர் இம்முறையை வெளியிட்டதன் நோக்கம் நிலையறிதல் மட்டுமன்று. பிறப்புவழியினுள் கைவிட்டுச் சோதிப்பது குறைந்தால் பிரசவக் காய்ச்சலுக்கான வாய்ப்பும் குறையும் என்பதே அதன் அடிப்படை. பிடிகளை மனப்பாடம் செய்வோர் இக்காரணத்தை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

சிறுநீர் கழித்த தாய், முழங்கால்களைச் சற்றே மடக்கி மல்லாந்து படுக்க வேண்டும். முதற்பிடி, கருப்பையின் மேல்முகட்டில் இருப்பது தலையா பிட்டமா என ஆராய்கிறது. இரண்டாம்பிடி, ஒருபுறம் வழவழப்பாக நீளும் முதுகையும் மறுபுறம் மேடுபள்ளமாகத் தட்டுப்படும் கைகால்களையும் பிரித்தறிகிறது. மூன்றாவது, சிசுவின் கீழ்முனையை அடிவயிற்றில் ஒரு கையால் பற்றுவது. நான்காம்பிடிக்கு மட்டும் சோதிப்பவர் தாயின் பாதங்களை நோக்கித் திரும்பி, தலை இடுப்பெலும்பு வளையத்தினுள் எவ்வளவு இறங்கியுள்ளது எனக் காண்கிறார்.

பிழை பெரும்பாலும் நேர்வது தலையையும் பிட்டத்தையும் பிரித்தறிவதில்தான். தலை உருண்டு கெட்டியானது. இடுப்பினுள் இறங்காதவரை, கழுத்தின் துணையால் உடல் அசையாமலே அது மட்டும் விரல்களுக்கிடையே துள்ளும். மெத்தென்ற பிட்டம் அசைந்தால் உடலும் உடன் அசையும். நிறைமாதத்தில் நூற்றுக்கு 3 அல்லது 4 சிசுக்கள் பிட்டம் கீழாக இருக்கின்றன. வலி தொடங்குமுன் அது தெரிந்தால், 37ஆம் வாரமளவில் வெளியிலிருந்தே சிசுவைத் திருப்ப முயலலாம். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையைத் தேரவும் நேரம் கிடைக்கும். பருத்த வயிற்றிலும் பனிக்குடநீர் மிகுந்தபோதும் கை ஏமாறும்; ஐயமெழுந்தால் ஸ்கேன் தேவை.