பழைய போர்ஷே வாங்குவது: அன்றும் இன்றும்

1964 முதல் 1998 வரை, போர்ஷே 911 என்றால் காற்றில் குளிரும் இன்ஜின்தான். ரேடியேட்டர் கிடையாது, கூலன்ட் கிடையாது. காரின் பின்பக்கம் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர்கள் மீது பெரிய விசிறி ஒன்று காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். மிச்சமுள்ள சூட்டைச் சுமார் 10 லிட்டர் ஆயில் வாங்கிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கப் போனவருக்கு இன்ஜினே பாதி விவரத்தைச் சொல்லிவிட்டது. வால்வு இடைவெளி கூடியிருந்தால் டிக் டிக்கென்று அடிக்கும். செயின் டென்ஷனர் தளர்ந்தால் கடகடக்கும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் நீலப் புகை வரும். ஆயில் ஒழுகினால் நின்ற இடத்துத் தரையே சாட்சி. மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்ப்பார். காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்றும் அளப்பார். அதற்குப் பிறகு விலை பேசலாம்.

வாங்கியபின் பராமரிப்பும் கையால் செய்யும் வேலையாகவே இருந்தது. குறிப்பிட்ட தூரம் ஓடியதும், இன்ஜின் நன்றாக ஆறியபின், பெரும்பாலான மாடல்களில் 12 வால்வுகளையும் ஒவ்வொன்றாக 0.1 மி.மீ. இடைவெளிக்குத் திருத்த வேண்டும். பழைய செயின் டென்ஷனர் நம்பத்தகாதது என்று எல்லோருக்கும் தெரியும். 1984 மாடலில் இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் புது டென்ஷனர் வந்ததும், விவரமானவர்கள் அதை வாங்கித் தங்கள் பழைய கார்களிலும் பொருத்திக்கொண்டார்கள். கெடும்வரை காத்திருக்கவில்லை.

1996-இல் பாக்ஸ்டர் வந்தது. அடுத்து 996 என்ற புது 911. இரண்டிலும் தண்ணீரில் குளிரும் இன்ஜின். வால்வுகள் தாமே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். ஆயில் மாற்றக் கையேடு 24,000 கி.மீ. வரை அவகாசம் தந்தது. இன்ஜின் அமைதியாக ஓடியது. அந்த அமைதியை ஆரோக்கியம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

பழுது உள்ளே இருந்தது. கிராங்க் ஷாஃப்டிலிருந்து கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்த நடுவில் ஒரு தண்டு உண்டு. ஐ.எம்.எஸ். என்பார்கள். அதன் ஒரு முனையைத் தாங்குவது மூடிய பந்து பேரிங். நாளடைவில் அதன் சீல் தளர்ந்து உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். பேரிங் உடைந்தால் டைமிங் தவறும், வால்வுகள் பிஸ்டனில் மோதும், இன்ஜின் அங்கேயே முடியும். முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2013-இல் சமரசம் எட்டப்பட்டது. அதே காலத்து டர்போ, ஜிடி3 கார்களின் இன்ஜின் வேறு வம்சம். இந்தக் குறை அவற்றுக்கு இல்லை. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள்.

எனவே இந்தக் கார்களை வாங்குவோர் இன்று காதை மட்டும் நம்புவதில்லை. ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளைப் பிரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகவும், ஆயில் தட்டைக் கழற்றி அடியிலிருந்தும் சிறு கேமராவை நுழைத்து, சிலிண்டர் சுவரில் கீறல் உண்டா என்று தேடுகிறார்கள். முந்தைய ஓட்டுநர் இன்ஜினை அளவு மீறி முறுக்கினாரா என்பதைக் காரின் கணினியே பதிந்து வைத்திருக்கிறது, அதையும் படிக்கிறார்கள். வாங்கியபின், கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது பேரிங்கையும் மாற்றிவிடுகிறார்கள். 2006 முதல் 2008 வரையிலான மாடல்களில் இருப்பது பெரிய பேரிங். அது கூடுதல் உறுதியானது. ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் வெளியே வராது. வாட்டர் பம்ப்பைக் கசியும் முன்பே மாற்றுகிறார்கள். 8,000 கி.மீ. ஓடினாலோ ஆறு மாதம் ஆனாலோ, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறார்கள் அனுபவமுள்ள மெக்கானிக்குகள்.

குறைவாக ஓடிய கார் என்றாலே அன்று விலை கூடும். இன்று அதுவே ஒரு கேள்வி. ஓடாமல் நின்ற இன்ஜினில் ஈரம் தங்கி ஆயிலைக் கெடுக்கும். ஒழுங்காக ஓடி, ஒழுங்காக ஆயில் மாறி, அதற்கு ரசீதும் உள்ள காரே மேல்.

காற்றில் குளிர்ந்த இன்ஜின் நோயைச் சொன்னது, நாம் கேட்டோம். புதியது சொல்லாது, நாம்தான் தேடிப் போக வேண்டும். ஆகவே பழைய பாக்ஸ்டரோ 996-ஓ வாங்க நினைப்பவர்கள், விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பேரிங், கிளட்ச், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் ஆகும் தொகையைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். பாக்ஸ்டரில் இன்ஜின் போனால், மாற்று இன்ஜின் செலவு காரின் விலையையே தாண்டிவிடக்கூடும்.