வழு உரைக்கும் வாசகம்

லினக்ஸ் என்னும் இயக்கமுறைமையை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார். அதன் நடுவே நின்று யாவற்றையும் ஆளும் நிரலைக் கெர்னல் என்ப. அந்நிரல் தன் பிழையால் செல்லாத நினைவக முகவரியொன்றைத் தீண்டுமாயின், செயலி அதனைத் தடுத்துவிடும். அப்போது கெர்னல் ‘ஊப்ஸ்’ எனப்படும் சில வரிகளை எழுதிவைக்கும்; சிலபோது கணினி முழுதுமே அத்துடன் நின்றுவிடும். பின் வந்து பார்ப்பார்க்கு அவ்வரிகளே மரண வாக்குமூலம். அதிலே ஐயம் எழுமாயின் வழுவின் மூலத்தை யாங்ஙனம் காண்பது?

இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கெனப் பல்லாண்டு வழங்கிய பழைய வாசகத்தைத் தமிழாக்கின், ‘கெர்னல் வெறுஞ்சுட்டுத் தீண்டலைக் கையாள இயலவில்லை, 8இன்கண்’ என்றாகும். இலக்கணம் பயிலும் எமக்கு இங்கே இரண்டு ஐயங்கள். ஏழாம் வேற்றுமை குறித்த அவ்விடம், பிழைத்த கட்டளை இருந்த இடமோ, அது தீண்டிய இடமோ? பின்னதே சரி, எனினும் புதியோர் மயங்குவர். இனி, ‘கெர்னல்’ என்பது தீண்டியதன் பெயரோ, தீண்டப்பட்ட முகவரிக்கு அடையோ? தொகைநிலைத் தொடர் பலபொருள் படும் தொல்லை ஆங்கிலத்திலும் உண்டுபோலும்! அடுத்து நின்றது 0002 என்னும் வெற்றெண். அதன் முதல் பிட் 0 எனின் பக்கமே இல்லை. 1 எனின் பக்கம் உண்டு, உரிமை இல்லை. இரண்டாவது பிட் படித்தலையும் எழுதுதலையும் பிரிக்கும். மூன்றாவது பயனர் உரிமையையும் மேலாண்மை உரிமையையும் பிரிக்கும்.

2019இல் வந்த 5.2ஆம் பதிப்பு இவற்றைத் திருத்திற்று. ‘கெர்னல் வெறுஞ்சுட்டுத் தீண்டல், முகவரி: 8’ என்பது முதல்வரி. ‘கெர்னல் நிலையில், மேலாண்மை உரிமையோடு எழுத முயன்றது’, ‘பக்கம் இல்லை’ என்பன தொடரும். பழைய எண்ணையும் நீக்கினாரல்லர்.

வெறுஞ்சுட்டின் மதிப்பு 0 அன்றோ, 8 எங்ஙனம் வந்தது எனின், கூறுதும். பல உறுப்புடைய தரவுக் கட்டமைப்பில், முதல் உறுப்பு 8 பைட் கொள்ளின், அடுத்தது தொடக்கத்தினின்று 8 பைட் தள்ளி நிற்கும். தொடக்கமே 0 எனின் தீண்டுவது 8. ஆகவே எவ்வுறுப்பை நாடிற்று என்பதற்கும் அவ்வெண்ணே துப்பு. 4096க்குக் கீழ்ப்பட்ட முகவரி யாவற்றையும் கெர்னல் வெறுஞ்சுட்டென்றே கொள்ளும். அதனினும் பெரிய கட்டமைப்பாயின் இக்கணக்குத் தப்பும்.

பிறிதொரு வழுவும் உண்டு. 64 பிட் முகவரியின் மேற்பகுதி விதிப்படி அமையாவிடின், செயலி தடுக்குமேயன்றி முகவரியைச் சொல்லாது. 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பு, தடைப்பட்ட கட்டளையைத் தானே பிரித்துப் படித்து, அம்முகவரியைக் கணித்துரைக்கின்றது. அது கணிப்பேயாதலின், ‘அநேகமாக’ என்னும் சொல்லையும் வாசகத்தில் உடன்வைத்துள்ளனர். அச்சொல்லை இட்டாரை யாம் பெரிதும் மெச்சுகின்றோம்.