தேட்டமும் திருப்தியும்

தானங்களுள் அன்னதானத்தைத் தலையாயதெனக் கூறுவோர் அதற்கு ஒரு காரணம் காட்டுவதுண்டு. பொன்னும் பூமியும் எத்துணை கொடுப்பினும் பெறுபவன் போதும் என்னான். அன்னம் ஒன்றே அவனை வாயாரப் போதும் என்று சொல்லவைக்கும் என்பது அக்காரணம். தானத்தின் புகழாக வழங்கும் இக்கூற்றினுள் பொருளைப் பற்றிய ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. வயிற்றுக்கு இயற்கையே எல்லை வகுத்திருக்கின்றது. பணத்துக்கு அத்தகைய எல்லை யாதும் இல்லை. ஆதலின், பொருள்வகையிற் போதும் என்னும் அளவை மனிதன் தானே கணக்கிட்டு வகுத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு வகுக்கும் முறையையும் வகுக்காதார்க்கு நேர்வதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருப்தி என்றவுடன், உள்ளதே போதுமென்று கைகட்டி இருத்தல் எனச் சிலர் பொருள்கொள்கின்றனர். நம் நூல்கள் அவ்வாறு கொள்ளவில்லை. பதஞ்சலி முனிவர் நியமங்கள் ஐந்தனுள் ஒன்றாகச் சந்தோஷத்தை வைத்தார்; திருமூலரும் தாம் கூறிய நியமங்கள் பத்தனுள் அதனைச் சேர்த்தார். நியமமாவது நாள்தோறும் முயன்று பழகவேண்டிய ஒழுக்கமாகும். வெஃகாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே பொருள் செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதையும் மறத்தலாகாது.

புத்தூரிலே வாழ்வோர்க்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நிலாவரைக் கிணற்றை அறியாதார் இங்கு யாவர்? இராமபிரான் தன் அம்பினால் அதனைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன என்பது ஆராய்ந்தறிந்த உண்மை. குடாநாட்டு நிலத்தடி நீரின் பொது இயல்பும் இதுவே. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையினூடே இறங்கி, தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. அக்கணக்கின் மறுபக்கமே நாம் கவனிக்கத்தக்கது. மிகையாக இறைத்தலால் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலேறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஓர் எல்லையாய் அமைந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

முதலும் வட்டியும் இத்தகையனவே. ஒருவர் அறுபதாம் வயதில் ஓய்வுபெற்று, 10 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 8 வீத வட்டிக்கு இடுகின்றார் என வைத்துக்கொள்வோம். ஆண்டுமுடிவில் 80,000 ரூபாவை மட்டும் எடுப்பாராயின் முதல் குறையாது. அவர் ஆண்டுக்கு 100,000 ரூபா எடுப்பின், மாதத்துக்கு ஏறத்தாழ 1,700 ரூபாவே மேலதிகம். ஒரு வீட்டுச் செலவில் அது கண்ணுக்கும் புலப்படாது. ஆயினும் இருபத்தோராம் ஆண்டில் முதல் முற்றாகத் தீர்ந்துவிடும். 120,000 ரூபா எடுப்பின் பதினான்கு ஆண்டுகளே கணக்கு; எழுபத்தைந்து வயதில் அவர் பிறர் கையை நோக்க நேரும். முதலில் நெடுங்காலம் யாதொரு மாற்றமும் தோன்றாதிருந்து, முடிவில் விரைந்து வற்றுதலே இவ்வழிவின் இயல்பு.

இக்கணக்கிலும் ஒரு குறையுண்டு. விலைகள் ஏறாதிருக்கும் என அது கொள்கின்றது. 72 என்னும் எண்ணை வீதத்தால் வகுத்தால் ஒரு தொகை இரட்டிக்கும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். விலைகள் ஆண்டுக்கு 6 வீதம் ஏறுமாயின், பன்னிரண்டு ஆண்டுகளில் அவை இரட்டித்துப் பணத்தின் வலிமை பாதியாகிவிடும். 2022இலோ பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, செப்டெம்பரில் விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தன. அஃதாவது, ஓராண்டுக்கு முன் 59 ரூபா செய்த வேலையையே 100 ரூபா செய்தது. சிக்கனமாய் வாழ்ந்து, சேமிப்பை வங்கியில் நம்பிவைத்திருந்த முதியோர் ஒரு தவறும் செய்யாமலே இழந்தனர். அவர்களைப் பார்த்துப் பேராசை பெருநட்டம் என்று பழமொழி கூறுவது கொடுமையாகும்.

ஆகவே திருப்தியுடைமை என்பது பணத்தை ஓரிடத்தில் இட்டு மறந்திருத்தலாகாது. மாரி மழை நிலத்துள் இறங்கினாலன்றிக் கோடையில் இறைத்தல் இயலாதவாறுபோல, வட்டியில் ஒரு பகுதி மீண்டும் முதலொடு சேர்தல் வேண்டும். வைப்பு, காணி, பொன், பங்கு என முதலைப் பிரித்து வைத்தலும் வேண்டும். நம்மவர் காணியையும் நகையையும் விடாது பற்றியிருந்ததைப் பழமைப்பற்று என நகைத்தவர் பலர். 2022இன் பின் அந்நகைப்பு சிறிது அடங்கியிருக்கின்றது. ஆயினும் வேலிச்சண்டைக்கும் வழக்குக்கும் இரையான காணிகளையும் நாம் அறிவோம். எப்பொருளும் தனித்து நின்று காப்பதில்லை.

இனி, அளவு வகுக்காதார்க்கு நேர்வதை நோக்குவோம். இவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் வறுமையன்று, ஒப்புநோக்குதலே. மலாயா ஓய்வூதியமும் மணியோடரும் வந்த நாளிலும், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் காசு வரும் இந்நாளிலும், அயல்வீட்டு மேல்மாடியே பலருக்கு அளவுகோல். வங்கியில் 10 வீதம் பெறுபவன், இருபதுக்கு மேல் பெறுபவனைக் கண்டவுடன் தன் பத்தை இழப்பெனக் கருதுகின்றான். கோல்டன் கீ என்னும் கடனட்டை நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதியின்றியே பொதுமக்களிடம் உயர்ந்த வட்டிக்கு வைப்புகளை ஏற்று, 2008 டிசெம்பரில் வீழ்ந்தது. ஏறத்தாழ ஒன்பதினாயிரம் வைப்பாளரின் 2,600 கோடி ரூபாவளவான பணம் அதில் அகப்பட்டது. அவருள் பலர் படித்தவர்கள். வட்டி உயர்வது ஆபத்து உயர்வதன் அறிகுறி என்பது அவர்கள் அறியாததன்று. போதும் என்ற தொகை முன்னரே வகுக்கப்படாமையால், அவ்வறிவு பயன்படவில்லை. அனுமதி பெற்ற நிறுவனங்களிலும், வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரையிலேயே உண்டு என்பதைப் பலர் இன்னும் அறியார்.

இதற்கு மாறான ஒரு வழியை அமெரிக்க நாட்டு ஜோன் போகிள் காட்டினார். சந்தையை வெல்ல முயலாது, சந்தையிலுள்ள பங்குகளை அவற்றின் அளவுக்கேற்பச் சிறிது சிறிதாக வாங்கிவைக்கும் சுட்டெண் நிதியை அவர் 1976இல் சாதாரண மக்களுக்காகத் தொடங்கினார். சராசரியோடு அமைவதா என்று முதலில் அதனை எள்ளினர். ஆயின், அடிக்கடி வாங்கி விற்போர் செலுத்தும் கட்டணங்களைக் கழித்துப் பார்த்தால், நெடுங்காலத்திற் பெரும்பாலோர் அச்சராசரியையும் எட்டுவதில்லை. 2008இல் அவர் எழுதிய நூலின் தலைப்பு, போதும் என்னும் பொருளுடைய ஒரு சொல்லே.

இவ்வுபதேசத்தை யாவர்க்கும் செய்தல் தகாது. 2009இன் பின் வடபுலத்தில் நுண்நிதிக் கடன்கள் பெருகின. கிழமைதோறும் தவணை கட்டமுடியாது, ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் பெற்ற பெண்கள் பலர். வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு 2018இல் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அடுப்புக்கும் மருந்துக்கும் கடன்பட்டவளுக்கு வேண்டுவது நியாயமான வட்டியும் தொழிலுமேயன்றித் திருப்தி பற்றிய சொற்பொழிவன்று. அளவு வகுத்தல் என்பது தேவைக்கு மேல் ஒரு சிறிதேனும் உடையார்க்கே உரிய கடமை.

அக்கடமை தனியொருவருடையதுமன்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூவகையாகப் பிரித்து, மணவாழ்விற் தேடியதில் கணவன் மனைவி இருவருக்கும் பங்குண்டெனக் கொண்டது. தேட்டம் இருவர்க்கும் பொதுவாயின், போதும் என்னும் அளவையும் இருவரும் கூடியே வகுத்தல் முறை. சித்திரைப் புத்தாண்டிற் கைவிசேடம் கொடுத்து முடிந்தபின் ஒரு கணக்குப் புத்தகத்தோடு இருந்தாற் போதுமானது. உணவு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு, கோயிற் காரியம், கொண்டாட்டம் எல்லாம் சேர்ந்து மாதம் 60,000 ரூபா வேண்டுமெனில் ஆண்டுக்கு 720,000. ஓய்வூதியம் 480,000 தருமாயின் எஞ்சியது 240,000. எட்டு வீத வட்டியில் மூன்று வீதத்தை முதலொடு சேர்த்து, ஐந்து வீதத்தையே எடுப்பதாயின், வேண்டும் முதல் 48 இலட்சம் ரூபா. இத்தொகையை அப்பக்கத்தில் எழுதிவைத்து, அடுத்த சித்திரையில் அன்றைய விலைகளைப் பார்த்து இருவரும் அதனைத் திருத்திக்கொள்ளலாம்.