மேசைக்கு வராதவர்கள்

2024 பிப்ரவரி 27 அன்று பல்லடத்தை அடுத்த மாதப்பூரில் பிரதமர் மோடி பேசினார். பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலையின் 'என் மண், என் மக்கள்' பயணத்துக்கு அது நிறைவு விழா. பா.ஜ.க. மேடையில் அன்று மனம் நிறையப் பாராட்டப்பட்டவர்கள் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும். அ.தி.மு.க. கூட்டணியை முறித்துக்கொண்டு ஐந்து மாதம் ஆகியிருந்த நேரம். அக்கட்சித் தலைவர்கள் யாரும் மேடையில் இல்லை. ஆனாலும் அந்தப் பாராட்டு யாருக்கு விட்ட தூது என்பதில் கடைசி வரிசையில் நின்றவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. மத்தியில் ஆளும் கட்சி, மாநிலத்தின் முதன்மை எதிர்க்கட்சியிடம் ஒலிபெருக்கி வழியாகப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது.

பதில் வரவில்லை. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் இரு கட்சிகளும் தனித்தனியே நின்றன. பல்லடம் அடங்கிய கோவை மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 5,68,200 வாக்குகள் வாங்கி வென்றார். அண்ணாமலைக்கு 4,50,132. அ.தி.மு.க.வின் சிங்கை ராமச்சந்திரனுக்கு 2,36,490. பின்னிரண்டையும் கூட்டினால் வென்றவரைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம். முடிவு வந்த அன்றே டீக்கடைகளில் இந்தக் கூட்டலைப் போட்டுவிட்டார்கள். டெல்லியிலும் போட்டிருப்பார்கள். 2025 ஏப்ரல் 11 அன்று அமித் ஷா சென்னைக்கு வந்து, எடப்பாடி பழனிசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டணியை அறிவித்தார். அந்த நாட்களிலேயே பா.ஜ.க.வின் மாநிலத் தலைவர் பதவி அண்ணாமலையிடமிருந்து நயினார் நாகேந்திரனுக்குப் போனது. அதைத் தற்செயல் என்று நம்பியவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

இந்த மாதிரிக் கூட்டல் கணக்குகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1979 நினைவுக்கு வரும். தமிழ்நாட்டின் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் எதிர்க்கட்சித் தலைவர் கருணாநிதியும் தேர்தலுக்கு முன் ஒரே அறையில் உட்கார்ந்து, கூட்டணி கூட அல்ல, கட்சிகளின் இணைப்பையே பேசி முடித்த ஆண்டு அது. முடித்துவிட்டோம் என்று இருவரும் ஒரு நாள் நம்பினார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் சரண் சிங் அரசு நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே பதவி விலகியது. மக்களவை கலைந்தது. இந்திரா காந்தி திரும்பி வருவார் என்பது தெரியத் தொடங்கியிருந்தது. அந்த வருகையைக் கண்டு அஞ்ச இரண்டு கழகங்களுக்கும் காரணம் இருந்தது. கருணாநிதியின் ஆட்சியை 1976 ஜனவரி 31 அன்று கலைத்தது இந்திராவின் அரசு. எம்.ஜி.ஆர். இந்திராவோடு நெருக்கமாகத்தான் இருந்தார். ஆனால் 1979 தஞ்சாவூர் இடைத்தேர்தலில் இந்திரா நிற்க விரும்பியபோது, ஜனதா அரசின் மனக்கசப்புக்கு அஞ்சிப் பின்வாங்கிவிட்டார். இந்திரா அதை மறக்கிறவரும் அல்லர். அப்போது மத்திய அமைச்சராக இருந்த ஒரிசாவின் பிஜு பட்நாயக் இந்த இடுக்கில் ஒரு வாய்ப்பைக் கண்டார். இரண்டு கழகமும் ஒன்றானால் தெற்கே இந்திராவுக்குக் கதவு அடைபடும். இருவரிடமும் மாறி மாறிப் பேசி, செப்டம்பர் 13 அன்று சேப்பாக்கம் அரசினர் விருந்தினர் மாளிகையில் உட்கார வைத்துவிட்டார்.

1972-ல் கட்சியை விட்டு எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் மேடைகளில் பேசியதையெல்லாம் வைத்துப் பார்த்தால், அந்த அறைக்குள் இருவரும் வந்ததே பெரிய காரியம். கருணாநிதியுடன் அன்பழகன் வந்திருந்தார், எம்.ஜி.ஆருடன் நெடுஞ்செழியன் உள்ளிட்டோர். சிறிது நேரத்தில் தலைவர்கள் இருவரும் தனியே ஓர் அறைக்குப் போய்ப் பேசினார்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்பதற்குக் கருணாநிதி பிற்பாடு பலமுறை சொன்னதுதான் ஊரறிந்த சாட்சியம், எம்.ஜி.ஆர். தன் பக்கத்தை அந்த அளவுக்கு விரித்துச் சொல்லவில்லை. கருணாநிதி சொன்ன கணக்கு இது: இணைந்த கட்சியின் பெயர் தி.மு.க.; கொடி அண்ணா படம் பொறித்த அ.தி.மு.க. கொடி, எம்.ஜி.ஆரே முதலமைச்சராகத் தொடர்வார். கட்சித் தலைமை கருணாநிதிக்கு. பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு எம்.ஜி.ஆர். அரசு அந்த ஜூலையில்தான் விதித்திருந்த 9,000 ரூபாய் ஆண்டு வருமான வரம்பை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

பேரம் என்று பார்த்தால் இது அழகான பேரம். பெயர் ஒருவருக்கு, கொடி இன்னொருவருக்கு. நாற்காலி ஒருவருக்கு, கட்சி இன்னொருவருக்கு. இரு தரப்பும் செயற்குழு, பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டால் முடிந்தது.

மறுநாள் வேலூரில் அ.தி.மு.க. கூட்டம். அங்கே எம்.ஜி.ஆர். இணைப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் கட்சிக்காரர்கள் தி.மு.க.வைத் தாக்கிப் பேசினார்கள். சேப்பாக்கம் அதோடு முடிந்தது. வேலூர் போகும் வழியில் எம்.ஜி.ஆரின் மனத்தைக் கலைத்தது யார் என்று கருணாநிதி தரப்பு முப்பது ஆண்டுகள் கழித்தும் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் துப்பறிதலில் ஆர்வம் இல்லை. காரில் யாருமே ஏறாமல் இருந்திருந்தாலும் அது கலைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மாவட்டத்துக்கு இரண்டு மாவட்டச் செயலாளர்கள், ஊருக்கு இரண்டு கிளைச் செயலாளர்கள், தெருமுனைக்கு இரண்டு கொடிக்கம்பங்கள். இணைப்பு என்றால் இதில் பாதிப்பேர் வீட்டுக்குப் போக வேண்டும். ஏழு ஆண்டு வழக்கும் அடிதடியுமாக வளர்ந்தவர்கள் அவர்கள். விருந்தினர் மாளிகையில் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை; வேலூரில் மைக் கிடைத்தது.

பல்லடத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்கள் பாவு நூலை ஜவுளி உற்பத்தியாளரிடம் வாங்கி, காடா துணியாக நெய்து கொடுக்கிறவர்கள். கூலி உயர்வுப் பேச்சு என்றால் அமைச்சர், ஆட்சியர், தொழிலாளர் துறை அதிகாரிகள் என்று மேசை நிறைந்துவிடும். 2021 நவம்பரில் அப்படித்தான் அமைச்சர்கள் முன்னிலையில் சோமனூர் ரகத்துக்கு 23%, பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 20% என்று முடிவானது. உற்பத்தியாளர்கள் அந்தக் கூலியைத் தரவில்லை. 2022 ஜனவரி 9 முதல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடியும் நின்றன. அமைச்சர் அறிவித்த கூலிக்கும் சனிக்கிழமை கைக்கு வரும் கூலிக்கும் நடுவே ஒவ்வொரு உற்பத்தியாளரின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அது மேசைக்கு வருவதில்லை.

1979-க்குத் திரும்புவோம். சேப்பாக்கம் முறிந்த சில வாரங்களிலேயே, தன் ஆட்சியைக் கலைத்த இந்திராவோடு கருணாநிதி கைகோத்தார். 'நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக' என்ற வரவேற்பு அப்போது பிறந்ததுதான். 1980 ஜனவரி தேர்தலில் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 37 அந்த அணிக்கு. எம்.ஜி.ஆருக்கு மிஞ்சியவை சிவகாசியும் கோபிசெட்டிபாளையமும். கோவையில்கூட தி.மு.க.வின் இரா. மோகன் வென்றார். பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். இனி எம்.ஜி.ஆர். அவ்வளவுதான் என்று சொன்னவர்கள் கணக்கில் பிழையே இல்லை.

தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சட்டமன்றத் தொகுதிகளை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. டெல்லிக்குப் பொருந்திய பங்கீடு கோட்டைக்குப் பொருந்தவில்லை. தி.மு.க. தொண்டனுக்குக் காங்கிரஸ் ஆட்சியில் பங்கு கேட்பது கசந்தது. காங்கிரஸ்காரனுக்குக் கருணாநிதி மறுபடி முதலமைச்சர் ஆவது கசந்தது. நான்கே மாதத்தில் எல்லாம் புரண்டது. அ.தி.மு.க. 129 இடங்களில் வென்று ஆட்சிக்கு வந்தது. தி.மு.க.வுக்கு 37, காங்கிரசுக்கு 31.

எல்லாப் பங்கீடும் இப்படிக் கவிழும் என்று சொல்ல வரவில்லை. 2019-ல் கோவையில் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜன். 2024-ல் தி.மு.க. அந்தத் தொகுதியைத் தானே எடுத்துக்கொண்டு, மார்க்சிஸ்டுகளுக்குத் திண்டுக்கல்லைக் கொடுத்தது. கையில் இருந்த தொகுதியைக் கொடுப்பது எந்தக் கட்சிக்கும் எளிதல்ல. அதுவும் தொழிற்சங்கம் வேரூன்றிய கோவையை. ஆனாலும் தோழர்கள் உதயசூரியனுக்கு வாக்குக் கேட்டார்கள், இரண்டு தொகுதியும் கைக்கு வந்தன. அதே அணி 2021-ல் பல்லடம் சட்டமன்றத் தொகுதியை ம.தி.மு.க.வுக்குத் தந்து, உதயசூரியன் சின்னத்திலேயே நிற்க வைத்திருந்தது. அ.தி.மு.க.வின் எம்.எஸ்.எம். ஆனந்தன் முன் அது எடுபடவில்லை. சின்னத்தைக் கடன் கொடுக்கலாம், பூத் கமிட்டியை அப்படிக் கொடுக்க முடியாது.

சேப்பாக்கத்தில் பேசியவற்றில் ஒன்று மட்டும் நிறைவேறியது. அதை நிறைவேற்றியது ஒப்பந்தம் அல்ல, 37 தொகுதித் தோல்வி. வருமான வரம்பால் பிற்படுத்தப்பட்டோர் கோபமடைந்திருப்பதை வாக்குப் பெட்டியில் பார்த்த எம்.ஜி.ஆர்., 1980 தொடக்கத்திலேயே 9,000 ரூபாய் ஆணையை விலக்கிக்கொண்டதோடு, அவர்களுக்கான ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50-ஆக உயர்த்தினார். கருணாநிதி கேட்டதற்கும் மேலே அது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 18-ஐச் சேர்த்தால் 68. பின்னாளில் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு கூடியபோது அது 69 ஆனது.