குழந்தையா வந்து கேட்டது?

என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, சோதனைக்குழாய் சிகிச்சையில் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குக் கருமுட்டை சரியில்லாததால், வேறொரு பெண் தானமாகக் கொடுத்த முட்டையில்தான் கரு உண்டாக்கினார்கள். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். புருஷன், பெண்டாட்டி இருவரும் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார்கள்.

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அவள் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, "எவளோ ஒருத்தி முட்டை! நம்ம வம்சத்துல இப்படி உண்டா? இதுக்கு லட்ச லட்சமா கொட்டணுமா?" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட, மாப்பிள்ளை வாய் திறக்காமல் நின்றதுதான் பொறுக்கவில்லை. "கையெழுத்துப் போட்டது நீங்கதானே மாப்பிள்ளை? என்னைப் பெத்துக்குங்கன்னு குழந்தையா வந்து கேட்டுச்சு?" என்று கேட்டே விட்டேன்.

2008-ல் குஜராத் மாநிலம் ஆனந்த் நகரில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஜப்பான் தம்பதிக்காக வாடகைத்தாய் ஒருவர் குழந்தையைச் சுமந்தார். பிறப்பதற்கு முன்பே தம்பதி விவாகரத்து செய்துகொண்டனர். மனைவி குழந்தை வேண்டாம் என்றுவிட்டார். முட்டை கொடுத்தவர், சுமந்தவர், கேட்டவர் என்று மூன்று பெண்கள் இருந்தும், அம்மா என்று சொல்ல ஒருவரும் இல்லை. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போய், கடைசியில் அப்பாவைப் பெற்ற பாட்டிதான் வந்து தூக்கிப் போனார்.

இப்போது 2021-ல் வந்த சட்டங்கள் தெளிவாகவே சொல்கின்றன. தானமுட்டையில் பிறந்தாலும், சிகிச்சை செய்துகொண்ட தம்பதிக்குத்தான் அது சொந்தக் குழந்தை. எல்லா உரிமையும் உண்டு. வாடகைத்தாய் மூலம் பிறந்த குழந்தையை, ஊனம் என்றோ, பெண் என்றோ, இரட்டை என்றோ கைவிடக் கூடாது.

மறுநாள், ஆபரேஷன் ஃபாரத்தில் மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்டார். குழந்தை இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறாள். பாட்டியின் புடவையைத்தான் பிடித்து இழுக்கிறாள்!

சகோதரிகளே, சிகிச்சைக்குப் போகும் முன் பணத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். 'நோயோடு பிறந்தால்? இரட்டையாகப் பிறந்தால்? நமக்குள் மனஸ்தாபம் வந்தால்?' என்று புருஷனோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். 'எப்படிப் பிறந்தாலும் நம் பிள்ளைதான்' என்று எல்லோரும் மனதாரச் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரிப் படி ஏறுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.