விரலுக்கேற்ற பந்து, தடத்திற்கேற்ற பந்து

பவுலிங் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் ஆடுகளமே நினைவுக்கு வரும். பெருநகர வணிக வளாகங்களுக்குக் குடும்பத்துடன் சென்று வரும் வாடிக்கையாளர்கள் மற்றொரு பவுலிங்கையும் அறிவார்கள். 60 அடி தொலைவில் முக்கோணமாக நிற்கும் 10 பின்களைக் கனத்த பந்தொன்றை உருட்டி வீழ்த்தும் டென்பின் பவுலிங் அது. 1978ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே அது இடம்பெற்றது. தமிழகத்தைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் இவ்விளையாட்டில் தேசியப் பட்டங்களை வென்றிருக்கிறார். வார இறுதிப் பொழுதுபோக்காகத் தொடங்கும் ஆர்வம் வாராந்திரப் பயிற்சியாக வளரும்போது, ‘சொந்தமாக ஒரு பந்து வாங்கலாமா?’ என்ற கேள்வி வீட்டில் எழுகிறது.

வாங்கலாம். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பதில்தான் பணம் பயனாவதும் வீணாவதும் அடங்கியிருக்கிறது. நிறத்தையும் விலையையும் முதலில் பார்த்து, கை அளவைக் கடைசியில் நினைப்பது பலரிடமும் காணப்படும் வழக்கம். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம். முதலில் விரல், அடுத்து எடை, பின்னர் வீசும் முறை, அதன்பின் தடம், இறுதியாகவே பந்தின் வகையும் விலையும்.

விரலே முதல் அளவுகோல்

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் வரவு செலவுக்குச் சொன்னது, இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. விளையாட்டுக் கூடத்தின் அடுக்கில் இருக்கும் பொதுப்பந்துகள் எவர் கைக்கும் ஓரளவு பொருந்தும்படி துளையிடப்பட்டவை. எனவே அவை எவர் கைக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. துளை பெரிதாக இருந்தால், பந்து நழுவாதிருக்க விரல்களை இறுக்கிப் பிடிக்கிறோம். அந்த இறுக்கம் மணிக்கட்டையும் கட்டைவிரல் அடியையும் வருத்துகிறது. நாளடைவில் வலி நிலைத்துவிட்டால், ஆட்டத்தையே நிறுத்தவேண்டி வரும்.

சொந்தப் பந்து, துளையிடாத முழு உருண்டையாகவே விற்பனைக்கு வருகிறது. தேர்ந்த துளையீட்டாளர் உங்கள் கட்டைவிரலுக்கும் நடு, மோதிர விரல்களுக்கும் இடையிலான தூரம், ஒவ்வொரு விரலின் பருமன், துளை சாய வேண்டிய கோணம் ஆகியவற்றை அளந்து துளையிடுவார். விரல்களை இரண்டாம் கணு வரை நுழைப்பது பழைய பிடி. முதல் கணு வரை மட்டும் நுழைப்பது விரல்நுனிப் பிடி. பின்னதில் பந்தைச் சுழற்றிவிடுவது எளிது. தொடர்ந்து ஆட விரும்புவோர் தொடக்கத்திலேயே விரல்நுனிப் பிடிக்குப் பழகுவது நல்லது. நன்கு அளந்து துளையிட்ட சாதாரணப் பந்து, அளவு பிசகிய விலையுயர்ந்த பந்தைவிட எப்போதும் மேலானது.

எடையில் பெருமை இல்லை

விதிகளின்படி ஒரு பந்தின் எடை 16 பவுண்டைத் தாண்டக்கூடாது. அது ஏறத்தாழ 7.26 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றொரு கணக்கு கூடங்களில் வழங்கி வருகிறது. அதைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் கொள்ளலாம். தோள்பட்டையின் வலிமை, வயது, முன்பு ஏற்பட்ட காயங்கள் ஆகியவற்றை அந்தக் கணக்கு அறியாது.

இதைவிட நம்பத்தக்க சோதனை ஒன்று உண்டு. மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடிப் பாருங்கள். மூன்றாவது ஆட்டத்திலும் தோள் சாயாமல், வேகம் குறையாமல் வீச முடிந்தால் அந்த எடை உங்களுக்குரியது. கைக்கு அளந்து துளையிட்ட பந்து பிடிக்க எளிதாக இருப்பதால், பொதுப்பந்தைவிட ஓரிரு பவுண்டு கூடுதலான எடையைப் பலரால் சிரமமின்றிக் கையாள முடிகிறது. வளரும் பிள்ளைகளுக்கு வாங்குவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். பிள்ளைகளின் விரல்கள் வளர வளரத் துளைகளை அடைத்து மீண்டும் துளையிட நேரும். அச்செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீச்சை அளந்து பாருங்கள்

வேகம், சுழற்சி ஆகிய இரண்டுமே ஒருவரது வீச்சின் அடையாளம். இவற்றை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பந்து தடத்தின் தொடக்கக் கோட்டைக் கடந்ததிலிருந்து முதல் பின்னைத் தொடும் வரை எத்தனை நொடிகள் ஆகின்றன என்று கைப்பேசியில் கணக்கிடுங்கள். 60 அடியை 2.5 நொடியில் கடந்தால், சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். 2.2 நொடி என்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 2.8 நொடி என்றால் 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுழற்சியை அறிய, பந்தின் மேல் ஒரு வெள்ளை நாடாத் துண்டை ஒட்டி, பின்னாலிருந்து மெதுவோட்டக் காணொளி எடுத்தால் போதும். நாடா எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணிவிடலாம்.

வேகம் மிகுந்து சுழற்சி குறைந்தவரின் பந்து, தடத்தைப் பற்றிக்கொள்ள நேரமின்றிச் சறுக்கியே போய்விடும். அவருக்கு எளிதில் வளையும் பந்து தேவை. வேகம் குறைந்து சுழற்சி மிகுந்தவரின் பந்து மிக விரைவில் வளைந்துவிடும். அவருக்கு அமைதியான பந்து போதும். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டியால் உலகெங்கும் பரவிய இருகை வீச்சில் கட்டைவிரல் துளைக்கே வேலையில்லை. சுழற்சியோ மிக அதிகம். அம்முறையில் ஆடும் இளைஞர், ஒரு கையால் வீசும் தந்தையின் பந்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் பலன் கிட்டாது.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

தடத்தின் மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது. பொதுவாக முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் இருக்கும். எஞ்சிய 20 அடி உலர்ந்திருக்கும். பந்து எண்ணெயில் சறுக்கிச் சென்று, உலர்ந்த பகுதியைத் தொட்டதும் வளைந்து, பின்னர் உருண்டு பின்களை அடைகிறது. இந்த வளைவுக்குக் காரணம் உண்டு. வலக்கை ஆட்டக்காரர் 1, 3 ஆகிய பின்களுக்கு இடையிலும், இடக்கை ஆட்டக்காரர் 1, 2 ஆகிய பின்களுக்கு இடையிலும் பந்தைச் செலுத்த வேண்டும். அங்கே ஏறத்தாழ 6 பாகை சாய்ந்து நுழையும் பந்துக்கு 10 பின்களையும் ஒரே வீச்சில் சாய்க்கும் வாய்ப்பு மிகுதி. நேராக உருளும் பந்தால் அந்தச் சாய்வை எட்ட முடியாது. பின்களில் பட்டதும் அது எளிதில் விலகிவிடும்.

கூடங்களில் நாள்தோறும் பயன்படும் எண்ணெய் அமைப்பில் நடுவில் எண்ணெய் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் இருக்கும். குறி சற்றுத் தவறினாலும் அது பந்தைத் திருத்தி வழிநடத்தும். போட்டிகளுக்குரிய அமைப்பில் எண்ணெய் அகலம் முழுவதும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், அந்தச் சலுகை கிடைக்காது. மேலும், எண்ணெய் நிலையாக இருப்பதில்லை. மாலை முழுவதும் பலர் ஆடிய தடத்தில் சில இடங்களில் எண்ணெய் வற்றியும் சில இடங்களில் முன்னே தள்ளப்பட்டும் இருக்கும். ஆகவே பந்து வாங்குமுன், நீங்கள் வழக்கமாக ஆடும் கூடத்தின் பராமரிப்பாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எண்ணெய் எத்தனை அடி நீளத்துக்குப் பூசப்படுகிறது? எந்த நாளில், எந்த நேரத்தில் பூசப்படுகிறது? இவற்றுக்கான விடை, எந்த விளம்பரத்தையும்விடப் பயனுள்ளது.

மேலுறையும் உட்கருவும்

பந்தின் நடத்தையை மிகுதியாகத் தீர்மானிப்பது அதன் மேலுறையே. பிளாஸ்டிக் எனப்படும் பாலியெஸ்டர் மேலுறை எண்ணெயை உறிஞ்சாது. ஏறக்குறைய நேராகச் செல்லும். 1980களின் தொடக்கத்தில் வந்த யூரேதேன் முன்னதாகவும் சீராகவும் வளையும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின், நுண்துளைகளால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு உலர்ந்த பகுதியில் கூர்மையாகத் திரும்பும். ரியாக்டிவ் வகையிலும் பிரிவுகள் உள்ளன. மங்கலான சாலிட் வகை எண்ணெய் மிகுந்த தடத்துக்கு ஏற்றது. பளபளக்கும் பேர்ல் வகை எண்ணெய் குறைந்த தடத்தில் நெடுந்தூரம் சறுக்கிப் பின்னர் வளையும். இரண்டும் கலந்தது ஹைபிரிட்.

மேற்பரப்பை மாற்றிக்கொள்ளவும் முடியும். 500 எண் கொண்ட சொரசொரப்பான தேய்ப்பான் பந்தை முன்னதாக வளையச் செய்யும். 4000 எண் கொண்ட மென்மையான தேய்ப்பான் வளைவைத் தாமதப்படுத்தும். புதிய பந்தை வாங்குவதற்கு முன், இருக்கும் பந்தின் மேற்பரப்பைச் சரிசெய்து பார்ப்பது சிக்கனமான வழி.

உள்ளே இருக்கும் கனத்த உட்கருவின் வடிவம், பந்து எவ்வளவு விரைவில் சுழலத் தொடங்கும், எவ்வளவு வளையும் என்பவற்றைப் பாதிக்கிறது. பெட்டியின் மேல் காணும் ஆர்.ஜி. என்ற எண் குறைவாக இருந்தால் பந்து முன்னதாக உருளத் தொடங்கும். அதிகமாக இருந்தால் நீண்ட நேரம் சறுக்கும். டிஃபரென்ஷியல் என்ற எண் கூடக்கூட வளையும் ஆற்றல் பெருகும். முதல் பந்து வாங்குவோருக்குச் சமச்சீரான உட்கருவும் நடுத்தர எண்களும் போதுமானவை. அதன் போக்கை முன்கூட்டியே கணிப்பது எளிது.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

வங்கியாளர் என்ற முறையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதுதான்: பந்தின் விலை என்பது மொத்தச் செலவின் ஒரு பகுதியே. துளையிடும் கூலி, விரல் துளைக்குள் பொருத்தும் ரப்பர் உறைகள், பை, காலணி, பராமரிப்பு ஆகியவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தோன்றலாம். ஆனால் 15 பவுண்டு பந்து என்பது 6.8 கிலோ பொதி. அனுப்புகூலி, சுங்க வரி, அட்டைவழிப் பணம் செலுத்தும்போது சேரக்கூடிய அந்நியச் செலாவணிக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டினால், உள்ளூர் விற்பனையாளரின் விலை நியாயமாகத் தெரியலாம். 2020இல் ரிசர்வ் வங்கி கொணர்ந்த விதியின்படி, புதிய அட்டைகள் முதலில் இந்தியாவுக்குள் நேரடிப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வாடிக்கையாளரே இயக்கிவைக்க வேண்டும். வாங்கிய பின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மீண்டும் நிறுத்திவைப்பது பாதுகாப்பானது.

இன்னொரு முக்கியமான செய்தி: துளையிட்ட பந்தைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எனவே துளையிடும் முன்பே பந்தைச் சுற்றிப் பார்த்து, கீறலோ வெடிப்போ உள்ளதா என்று சோதியுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பந்து வாங்குவோர் அதில் விரல் துளைகளைத் தவிர வேறு துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும். எடையைச் சமன்செய்ய இடப்பட்ட கூடுதல் துளைக்கு யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸின் விதிகள் 2020 ஆகஸ்ட் 1 முதல் இடமளிப்பதில்லை. அத்தகைய பந்தைப் போட்டியில் பயன்படுத்துவதற்கு அத்துளையை அடைத்தாக வேண்டும்.

இரண்டு பந்துகள், ஒரு துணி

தொடர்ந்து ஆட முடிவு செய்தவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது, விலையுயர்ந்த ஒரே பந்துக்குப் பதிலாக இரண்டு பந்துகள். முதல் வீச்சுக்கு நடுத்தர விலையில் ஒரு ரியாக்டிவ் பந்து. எஞ்சி நிற்கும் பின்களை வீழ்த்த, நேராகச் செல்லும் ஒரு பிளாஸ்டிக் பந்து. ஓரத்தில் தனித்து நிற்கும் ஒரு பின்னை நோக்கி வளையும் பந்தை வீசினால், எண்ணெய் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். நேர்ப்பந்துக்கு அந்தக் கவலை குறைவு. எஞ்சிய பின்களைத் தவறாமல் எடுப்பவரின் மதிப்பெண், சிறுசேமிப்பைப் போலச் சத்தமின்றி உயரும்.

பராமரிப்பும் எளிது. ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெயைத் துடையுங்கள். ஆட்டம் முடிந்ததும், எண்ணெய் உள்ளே ஊறுமுன், அதற்குரிய நீர்மத்தால் சுத்தம் செய்யுங்கள். நம் நாட்டுக் கோடையில் நிறுத்திவைத்த காரின் பின்பெட்டியில் பந்தை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். வெப்பத்தால் மேலுறை வெடிக்கக்கூடும்.

இவ்வளவையும் கருதிய பிறகு கடைக்குச் செல்லும்போது, கையில் ஒரு சிறு தாள் இருக்கட்டும். மூன்று ஆட்டங்களுக்குப் பின்னும் தாங்கிய எடை, நொடிக்கணக்கில் அளந்த வேகம், கூடத்தின் எண்ணெய் நீளம், மொத்தச் செலவின் உச்சவரம்பு ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உங்கள் கையையும் அளந்து பார்க்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். தாளைப் பார்க்காமலேயே அதிக விலையுள்ள பந்தை எடுத்து நீட்டுபவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த கடைக்குச் செல்லலாம்.