விற்பவரின் கணக்கு முடங்கினால் வாங்கியவர் பணம் தர வேண்டுமா?

இணைய ஏலத்தில் கேமரா ஒன்று உங்கள் கேள்விக்குப் படிந்துவிட்டது. பணம் செலுத்துமுன் விற்பவரின் கணக்கைத் தளம் முடக்கிவிடுகிறது. இனி என்ன கடமை?

தளத்தின் விதிகளை முதலில் பார்க்க வேண்டும். முடக்கம் ஒன்றாலேயே ஒப்பந்தம் ரத்தாகிவிடாது. ஆயினும் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், பொருளை ஒப்படைப்பதும் விலையைத் தருவதும் உடன்நிகழ வேண்டியவை. பொருளைத் தர ஆயத்தமாக இல்லாதவர் விலையைக் கோர இயலாது. பொருள் கைக்கு வந்துவிட்டதென்றால் விலை கடனே.

முடக்கப்பட்டவர் தம் யுபிஐ முகவரிக்கு நேரே அனுப்பச் சொன்னால் இணங்க வேண்டாம். 2018இல் மூடப்பட்ட ஈபே இந்தியா, பைசாபே என்ற முறையில், பொருள் சேரும்வரை பணத்தைத் தன்னிடமே நிறுத்திவைத்தது; தளத்துக்கு வெளியே செலுத்தும் பணத்துக்கு அத்தகைய காப்பு இல்லை.

முன்பே செலுத்தியவர்கள் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தரப்பட வேண்டும். அட்டைவழிச் செலுத்தியிருந்தால் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். மோசடி என்று ஐயுற்றால் அழைக்க வேண்டிய எண் 1930; சட்டத்தின் ஆண்டும் அதுவே என்பது தற்செயல். விற்றவர் மும்பை வணிகராயினும், டெல்லியில் வசிப்பவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் டெல்லியிலேயே வழக்குத் தொடரலாம்.